கைதட்டாத பக்கம்

தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்த பெரிய இசை நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு நான் போயிருக்கிறேன். ஒன்றைக்கூட நேராகப் பார்த்ததில்லை. காக்கி உடுத்தி, மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்பதுதான் என் வேலை. பாட்டு எனக்குப் பின்னாலிருந்து வரும். பாடுகிறவர் சிரித்தாரா, கையை எப்படி அசைத்தார் என்பதையெல்லாம் எதிரே நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்று இப்போது வீட்டில் இருக்கிறேன். போன மாதம் செல்வி போன் செய்தாள். என்னோடு கான்ஸ்டபிளாக இருந்தவள், தேர்வு எழுதி எஸ்.ஐ. ஆகிவிட்டாள். அவள் ஸ்டேஷன் எல்லையில் பெரிய கச்சேரி ஒன்று வரப்போகிறதாம். இந்த முறை ட்ரோன் பறக்கவிடப்போகிறார்களாம். எங்கே நெரிசல் கூடுகிறது என்று கம்ப்யூட்டரே திரையில் சிவப்பாகக் காட்டுமாம்.

"இனி நாங்க திரும்பி நின்னு பாட்டுப் பாக்கலாம் போல," என்று சிரித்தாள். "நீங்க பாட்டுப் பைத்தியம்லாம்மா. சொல்லுங்க, நீங்க போனதுலயே நல்ல கச்சேரி எது, மோசமான கச்சேரி எது?"

போனில் சொல்லி முடிகிற பதிலாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பாட்டுப் பைத்தியம் என்று அவள் சொன்னது உண்மை. ஏரல் பக்கத்து வாழை விவசாயக் குடும்பத்திலிருந்து போலீஸ் பயிற்சிக்குப் போனபோது, என் பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு கையடக்க ரேடியோ இருந்தது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், திட்டு வாங்கினோம், வெயிலில் அசையாமல் நிற்கப் பழகினோம். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். நான் மனதுக்குள் பாடிக்கொண்டு நின்றேன். அப்படிப் பாடிய பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரே பாடகியின் பாட்டுகள். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் தலைமுறைப் பெண்கள் துணி துவைக்கும்போதும் பிள்ளையைத் தூங்க வைக்கும்போதும் முணுமுணுத்த குரல் என்று மட்டும் சொல்கிறேன்.

நல்ல கச்சேரியை முதலில் சொல்லிவிடுகிறேன். அது மேடையில் நடக்கவில்லை, வெள்ளத்தில் நடந்தது.

தாமிரபரணி கரை மீறி ஊர்களுக்குள் புகுந்த அந்த டிசம்பரில், நானும் இரண்டு கான்ஸ்டபிள்களும் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில் மாட்டிக்கொண்டோம். ஊர்க்காரர்களும், நடுவழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர்களுமாக மாடி நிறைந்திருந்தது. திருச்செந்தூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பாடப் போய்க்கொண்டிருந்த மெல்லிசைக் குழுவும் அதில் இருந்தது. அவர்களுடைய வேன் கீழே தண்ணீருக்குள் நின்றது. கரண்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை. அடுத்த தெருவில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் மழை விட்டது. அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைக்காக, குழுவின் பாடகர் மெல்லப் பாட ஆரம்பித்தார். பருத்த மனிதர், நல்ல கனமான குரல்.

"ஏலே, ஊரே முங்கிக் கெடக்கு, ஒனக்குப் பாட்டு கேக்குதோ?" என்று ஒரு பெரியவர் சீறினார். பாடகர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

மூலையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துவிடப் போனவர், திரும்பி வரவில்லை. அதுவரை வாயே திறக்காதவள் இப்போது பேசினாள்.

"பாடட்டும் அண்ணாச்சி. சத்தமாப் பாடச் சொல்லுங்க. இங்கன ஆளு இருக்குன்னு அங்கன தெரியட்டும்."

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டோலக் வாசிக்கிறவர் மாடிக்குத் தூக்கி வந்திருந்த சத்துணவுக்கூடத்து அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தட்ட, பாடகர் எழுந்து நின்று, தண்ணீரைப் பார்த்து முழுக் குரலில் பாடினார். பாட்டு முடிந்ததும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். தண்ணீர் ஓடுகிற சத்தம்தான் வந்தது. அடுத்த பாட்டைப் பாடினார். அதன் சரணம் முடியும் இடத்தில், தென்னைகளுக்கு அப்பால் ஒரு விசில் கேட்டது. பிறகு பல்லவியை யாரோ திருப்பிப் பாடினார்கள். ஒருவர் இல்லை, பலர். அங்கே ஒரு மொட்டை மாடியில் ஆட்கள் இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அதுல எங்க வீட்டுக்காரர் இருக்காரு," என்றாள்.

"இத்தனை குரல்ல எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"தப்புத் தப்பாப் பாடுதாருல்லா," என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் அழுதாள்.

மாலையில் மீட்புப் படகு வந்தபோது, தென்னைகளுக்கு அப்பால் போகச் சொல்லிக் கை காட்டினோம். அவர் இருந்தார். அதைவிட நல்ல கச்சேரியை நான் கேட்டதில்லை.

மோசமான கச்சேரி அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் அருளப்பன் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மணப்பாடு பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். கடற்கரை ஆட்களுக்குக் குரல் உரத்திருக்கும் என்பார்கள். இவர் பேசினால் பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த கான்ஸ்டபிளைக்கூட மரியாதை இல்லாமல் கூப்பிட மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அதனால் அவர் உதடு மட்டும் அசைந்தால், கடுங்கோபத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம்.

பந்தோபஸ்துக்கு இடம் பார்க்கப் போனால் மற்ற அதிகாரிகள் நுழைவாயிலிலிருந்து மேடைக்கு நடப்பார்கள். இவர் ஆட்கள் வெளியேறுகிற வழியில் ஆரம்பித்து உள்ளே நடப்பார். தடுப்புக் கம்பு ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவார். திடீரென்று நின்று, "இங்கன ஒருத்தர் மயங்கி விழுந்தா, எங்கன வழியாத் தூக்கிட்டுப் போவீய?" என்று கேட்பார். பதில் சொல்லத் தயங்கினால் அந்த இடத்தில் புதிதாக ஒரு வழி விட்டாக வேண்டும். சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் மட்டுமே கட்டவிடுவார். ஆணியும் கூடாது, கம்பியும் கூடாது.

"கயித்த அறுத்திரலாம். ஆணியப் புடுங்கதுக்குள்ள ஆளு போயிரும்," என்பார்.

வேலைக்கு முன்னால் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லும் அறிவுரை எப்போதும் ஒன்றேதான். "மேடையப் பாத்தா நீங்களும் ரசிகர். கூட்டத்தப் பாருங்க. அதுலயும் கையப் பாருங்க. கையத் தூக்க எடமிருந்தா மூச்சு விட எடமிருக்கு."

அந்தப் பாடகி தூத்துக்குடிக்கு வருகிறார் என்று போஸ்டர் ஒட்டியபோது, பெண்கள் பகுதியை எனக்கே தரும்படி அருளப்பன் ஐயாவிடம் கேட்டேன். நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

"காதால எவ்வளவு வேணும்னாலும் கேட்டுக்கிடுங்க முத்துப்பேச்சி," என்றார். "கண்ணு மட்டும் எனக்கு வேணும்."

ஊருக்கு வெளியே தனியார் திடலில் நிகழ்ச்சி. ஒரு பக்கம் உப்பளத்து வரப்பு, இன்னொரு பக்கம் உயரமான மதில். மேடைக்கு முன்னால் சோபா போட்ட பிரமுகர் பகுதி. அதற்குப் பின்னால் இடப்பக்கம் பெண்கள் பகுதி, மற்ற இடமெல்லாம் ஆண்கள். முதல் நாள் மாலை நாங்கள் இடம் பார்க்கப் போனபோது, பெண்கள் பகுதிக்கும் சோபாக்களுக்கும் நடுவே இரும்புத் தடுப்புகளை வரிசையாக வைத்துப் போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். அருளப்பன் ஐயா அதை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"இதக் கழட்டிட்டுக் கம்பு கட்டுங்க," என்றார்.

நிகழ்ச்சியை நடத்துகிறவர்களின் சார்பில் பிரபு என்று ஒருவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். கையில் எப்போதும் இரண்டு போன். "சார், முன்னாடி உட்காரப் போறது யார் யாருன்னு தெரியும்ல? பொம்பளைங்க தள்ளிக்கிட்டு வந்து சோபாவுல உட்கார்ந்துட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

"உக்காரட்டும்," என்றார் ஐயா.

பிரபு யாருக்கோ போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் ஐயாவுக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது. ஐயா பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. மேடைப் படிக்குப் பக்கத்தில் ஒரேயொரு இடத்தில் இரும்பை எடுத்துவிட்டுச் சவுக்குக் கம்பு கட்டினார்கள். மற்றதெல்லாம் இரும்பாகவே நின்றது.

நிகழ்ச்சி நாளன்று வெயில் இறங்கும் முன்பே திடல் நிறைந்துவிட்டது. பாடகி வர வேண்டிய சென்னை விமானம் தாமதம். ஆட்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். காயல்பட்டினத்திலிருந்தும் சாயர்புரத்திலிருந்தும் வேன் வைத்துக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். இடத்துக்கு மீறி அனுமதிச் சீட்டு போயிருக்கிறது என்பது வாசலில் நின்ற எங்கள் ஆட்களுக்குப் புரிந்தபோது, உள்ளே வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வழியில்லை. வாசலை மூடச் சொல்லி ஐயா உத்தரவு போட்டார். மூடினோம். வெளியே மிச்சக் கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டு நின்றது.

பாடகி மேடைக்கு வந்தார். எனக்கு எதிரே இருந்த அத்தனை முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்ததை வைத்து அதைத் தெரிந்துகொண்டேன். முதல் பாட்டு எடுத்ததும் என் பிடரி மயிர் சிலிர்த்தது. ரேடியோவில் கேட்ட குரல் இல்லை அது. வயதாகிக் கொஞ்சம் கரகரத்திருந்தது. அந்தக் கரகரப்பு எனக்கு இன்னும் பிடித்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து தவித்தது. திரும்பவில்லை.

மூன்று நான்கு பாட்டு போனபின், எல்லாரும் காத்துக்கொண்டிருந்த பாட்டு வந்தது. துள்ளலான பாட்டு. பல்லவி முடிகிற இடத்தில் கூட்டமே சேர்ந்து கைதட்டும். ஆரம்ப இசை கேட்டதும் வெளியே நின்ற கூட்டம் வாசலைத் தள்ளித் திறந்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், திடலின் கடைசியிலிருந்து ஒரு அலை மாதிரி கூட்டம் முன்னால் வந்து நின்றதுதான்.

பல்லவி முடிந்தது. திடல் முழுக்கக் கைதட்டல் அதிர்ந்தது. என் எதிரே, பெண்கள் பகுதியின் முன் வரிசைகளில், யாரும் தட்டவில்லை.

முதலில் நான் அதைப் புரிந்துகொள்ளவில்லை. பிறகு பார்த்தேன். ஒரு கைகூட மேலே இல்லை. அதற்கு முந்தைய பாட்டில் வரிசை வரிசையாக உயர்ந்திருந்த போன்கள் ஒன்றையும் காணவில்லை. எல்லா மோவாயும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. ஒருத்தியின் கண்ணில் தலைமுடி விழுந்து கிடந்தது. அதை ஒதுக்கிவிட அவளால் முடியவில்லை. மொத்தப் பேரும் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள், அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். கால் நகரவில்லை. அலறல் எதுவும் இல்லை. அலறுவதற்கு மூச்சு வேண்டும். இரும்புத் தடுப்பில் நெஞ்சு அழுந்த நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை.

வயர்லெஸ்ஸில் ஐயாவைக் கூப்பிட்டேன். "ஐயா, பெண்கள் பகுதி முன்பக்கம் ஒரு கையும் தெரியல."

அவர் ஓடி வரவில்லை. போலீஸ் ஓடினால் கூட்டம் ஓடும் என்பார். வேகமாக நடந்து வந்து, என் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரே பார்வைதான். குரல் மிகவும் இறங்கிப்போயிருந்தது. காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"கயித்த நான் பாத்துக்கிடுதேன். நீங்க மேடைக்குப் போங்க. நாம மைக்க வாங்கிச் சொன்னா என்னமோ ஏதோன்னு ஓடுவாங்க. அந்தம்மாவையே சொல்லச் சொல்லுங்க. பின்னால நிக்கவங்க பின்னாலயே நடக்கணும். லைட்ட எல்லாம் போடச் சொல்லுங்க."

மேடைப் படியில் பிரபு குறுக்கே நின்றார். "மேடம், இந்தப் பாட்டு முடியட்டும். இந்தப் பாட்டுக்குத்தான் கூட்டமே வந்திருக்கு!"

"லைட்டப் போடுங்க," என்றேன்.

"நடுப் பாட்டுல நிறுத்தினா மேடையக் கொளுத்திருவாங்க மேடம்."

அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு ஏறினேன். மேடையில் காக்கியைக் கண்டதும் திடலே ஊளையிட்டது. பாடகி சரணத்தின் நடுவில் இருந்தார். என் வாழ்க்கையில் முதல் முறையாக அவர் முகத்தை நேரில் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சிறிய உருவம், பச்சைச் சேலை, நெற்றியில் வியர்வை. அவர் காதருகே குனிந்து சொன்னேன்.

"முன்னாடி பொம்பளைங்க நசுங்குறாங்கம்மா. பின்னால இருக்கவங்களப் பின்னால போகச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

இசைக்கருவிகள் ஒரு சுற்று வாசிக்கிற இடைவெளி அது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். விளக்கெல்லாம் அவர் முகத்தில் அடித்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியலையே," என்றார்.

"எனக்குத் தெரியுதும்மா."

சரணத்தின் அடுத்த வரி வந்துவிட்டது. அவர் அதைப் பாடினார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினார். அந்த ஒரு வரி முடிவதற்குள் எத்தனை பேருக்கு மூச்சு நிற்கும் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டின் அந்த வரியை இன்றுவரை என்னால் கேட்க முடிவதில்லை. வரி முடிந்ததும் டிரம்ஸ்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். இசை ஒவ்வொன்றாக அறுந்து நின்றது.

"பின்னால் இருக்கிறவங்க எல்லாரும் அப்படியே திரும்பி, வெளியே பார்த்து நடங்க. முன்னால் இருக்கிற பெண்களுக்கு மூச்சு முட்டுது. நீங்க நகர்ந்தாத்தான் நான் பாடுவேன்," என்றார்.

கூட்டம் கத்தியது. ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவர் தோளில் பட்டுத் தெறித்தது. நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னை ஒதுக்கினார். "அவங்களுக்கு என் முகம் தெரியணும்," என்று சொல்லிவிட்டு, அதையே மறுபடியும் சொன்னார். மறுபடியும் சொன்னார். திட்டவில்லை, கெஞ்சவில்லை. பாட்டில்கள் வந்துகொண்டே இருந்தன. லைட் எரிந்தது. வெளிச்சத்தில் முன்பக்கத்தை அவரும் பார்த்துவிட்டார். "ஐயோ," என்றார். அது மைக்கில் திடல் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகுதான் பின்வரிசைகள் மெல்ல நகர ஆரம்பித்தன.

கீழே அருளப்பன் ஐயா கயிற்றை அறுத்திருந்தார். கம்புகள் சாய்ந்த வேகத்தில் பெண்கள் ஒருவர் மேல் ஒருவராகச் சோபாக்களின் மேல் வந்து விழுந்தார்கள். பட்டுச் சட்டை போட்ட ஒரு பிரமுகர், "என்னய்யா இது, யாரு இவங்களை உள்ள விட்டது?" என்று எழுந்து நின்று கத்தினார். ஐயா அவரைக் கையைப் பிடித்து நகர்த்திவிட்டு, அந்தச் சோபாவில் ஒரு பெண்ணைக் கிடத்தினார். செல்வியும் மற்றப் பெண் போலீஸ்காரர்களும் கைகோத்துச் சங்கிலி மாதிரி நின்று, ஒவ்வொருவராக இழுத்து வெளியே விட்டார்கள். நான் மேடையிலிருந்து குதித்து அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

ஒருத்திக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்து உதட்டை அசைத்தவள்தான். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி நெஞ்சில் கை வைக்கப் போனேன். அதற்குள் பெரிதாக ஒரு மூச்சை இழுத்து, இருமி, கண்ணைத் திறந்தாள். ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்ப்பவள் என்று அவளுடைய நாத்தனார் அழுதுகொண்டே சொன்னாள். எழுந்து உட்கார்ந்ததும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எஞ்செருப்பு எங்கக்கா? புதுச் செருப்புக்கா."

சிரித்துக்கொண்டே குனிந்து அதைத் தேடினேன்.

அதன் பின் நடந்தது ஊருக்கே தெரியும். பாட்டு இனி இல்லை என்றதும் நாற்காலிகளை உடைத்தார்கள், பேனர்களைக் கிழித்தார்கள், ஒலிபெருக்கிகளைச் சாய்த்தார்கள். லத்தியை ஓங்கக் கூடாது என்று ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அடி வாங்கிக்கொண்டு கூட்டத்தை வெளியே அனுப்பினோம். பாடகியை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவைத்தோம். மயங்கியவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மயக்கத்துக்குக் காரணம் பசி, புழுக்கம் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். ஒருவரும் சாகவில்லை. ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை.

பிரச்சினையே அதுதான். மறுநாளிலிருந்து எல்லார் போனிலும் ஒரே பேச்சு. போலீஸ் அராஜகம், பிரமுகர்களுக்கு அவமானம், பாதிப் பாட்டோடு ஓடிப்போன பாடகி. பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார் என்று அவரை வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். போலீஸ் சொல்லித்தான் நிறுத்தினேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டவர்களிடமெல்லாம், "நான்தான் நிறுத்தினேன்," என்று மட்டும் சொன்னார்.

எங்கள் மேல் விசாரணை வந்தது. வெளிமாவட்டத்து அதிகாரி ஒருவர் நடத்தினார். கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். மேஜையில் ஒரு லேப்டாப் இருந்தது. நிகழ்ச்சியைப் படமெடுத்த வீடியோவை எங்கள் பக்கம் திருப்பி ஓடவிட்டார். கேமரா முழுக்க மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரேயொரு இடத்தில் மட்டும், மேலேயிருந்து பெண்கள் பகுதியைக் காட்டிவிட்டுத் திரும்பியது. அந்தக் காட்சியில் அவர்கள் எல்லாரும் முகத்தை நிமிர்த்தி, ஒன்றாக இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருந்தார்கள்.

"நல்லா ஆடிக்கிட்டுத்தானே இருக்காங்க?" என்றார் அதிகாரி.

நான் அந்தத் திரையைப் பார்த்தேன். அவர் சொன்னது போலத்தான் இருந்தது. பாட்டுக்கு மயங்கி ஆடுகிறவர்கள் போலவே இருந்தது. கை தெரியாததை, மோவாய் நிமிர்ந்ததை, சத்தம் வராததை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு நம்பிக்கையில்லாமல் கேட்டது. உண்மையில் அப்படித்தான் இருந்ததா, பயத்தில் நானாகப் பார்த்துக்கொண்டேனா என்று முதல் முறையாக ஒரு சந்தேகம் உள்ளே நுழைந்தது.

அதிகாரி அருளப்பன் ஐயாவிடம் திரும்பினார். "ஒரு உயிர் போகலை. பெரிய காயமும் இல்லை. ஆனா இத்தனை சேதம், இத்தனை கெட்ட பேர். நிறுத்தினது சரின்னு நீங்க எப்படிச் சொல்லுவீங்க?"

ஐயா வழக்கம்போல மெதுவாகத்தான் பேசினார். அதிகாரி முன்னால் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"யாராவது செத்திருந்தா, நிறுத்துனது சரின்னு ஆயிருக்கும் சார். சாகல. அதனால நான் தப்பாவே இருந்துட்டுப் போறேன்."

அதிகாரி லேப்டாப்பை மூடினார். ஆனாலும் முடிவு எதிர்பார்த்தபடிதான் வந்தது. ஐயாவை வேறு மாவட்டத்தில் மேஜை வேலைக்கு மாற்றினார்கள். எனக்கு எச்சரிக்கை.

ஐயா பொறுப்பை ஒப்படைத்த நாளில் ஜீப் புது இன்ஸ்பெக்டரோடு போய்விட்டது. பஸ் நிலையம் வரை வழியனுப்பலாம் என்று நானும் அவரோடு ஆட்டோவில் ஏறினேன். இரண்டு பேரும் யூனிபார்மில்தான் இருந்தோம். ஆட்டோக்காரர் நடுவயதுக்காரர். கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து, பாலத்தில் ஏறும்போது வாயைத் திறந்துவிட்டார்.

"கேக்கேன்னு தப்பா நெனைக்காதீய சார். அந்தக் கச்சேரியப் பாதில நிப்பாட்டுனியளே, அது நியாயமா?"

நிறுத்தியவர்கள் நாங்கள்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஐயா என் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் லேசாக உயர்த்தித் தடுத்தார்.

"நீங்க போயிருந்தியளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"நான் எங்க போக? எம்பொண்டாட்டியும் மவளும் போனாளுவ. மத்தியானமே போயி முன்னாடி எடம் புடிச்சிருக்காளுவ. அவ கேக்கணும்னு ஆசப்பட்ட பாட்டு, அதுல பாதிலயே நிப்பாட்டிட்டாங்க. எம்மவ ரெண்டு நாளு சோறு திங்காம அழுதா சார். இன்னைக்கும் ஒங்க போலீஸத் திட்டிக்கிட்டுத்தான் காலேஜுக்குப் போனா."

"இப்ப எப்படி இருக்கா?"

"இப்ப என்ன சார், நல்லாத்தான் இருக்கா. வெலாவுலதான் ரெண்டு பக்கமும் கன்னிப்போயிக் கெடக்கு. தடுப்புக் கம்பி அச்சு அப்படியே விழுந்துருக்கு. மூச்ச இழுத்து விட்டா இன்னும் வலிக்குதுங்கா. எண்ண தேய்க்கச் சொல்லிருக்கேன்." வண்டியைத் திருப்பிக்கொண்டே மறுபடியும் ஆரம்பித்தார். "அது கெடக்கட்டும் சார். நல்ல பாட்ட அப்படி நிப்பாட்டலாமா?"

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நிலையத்தில் இறங்கி, பையை எடுத்துக்கொண்டபின், ஆட்டோவுக்குள் குனிந்தார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"நிப்பாட்டுனது தப்புதான் அண்ணாச்சி. பாப்பாவ எங்கள நல்லாத் திட்டச் சொல்லுங்க."